வயர்லெஸ்ஸா, செக்யூரிட்டியா?

நெட்வொர்க்கிங் சான்றிதழில் மேல்படிக்குப் போக இரண்டு தேர்வுகள். முதலாவது எல்லோருக்கும் பொது. அதில் எப்படியோ தேறிவிட்டேன். இரண்டாவதற்கு நாமே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் ஏழெட்டு இருந்தாலும் எனக்குச் சரிப்பட்டவை இரண்டுதான்: வயர்லெஸ், செக்யூரிட்டி.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில். மூன்று யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே நெட்வொர்க் பொறுப்பாளரைப் போடப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். "இந்தப் பரீட்சைய நல்லபடியா முடிங்க அம்மணி. இல்லீன்னா கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வர்றேங்கறார்" என்றார். அந்த ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்மேல் அப்படியொரு எரிச்சல் எனக்கு.

செக்யூரிட்டி என்று முடிவு செய்தேன். வயர்லெஸ் படித்தவள் என்றால் வைஃபை வரவில்லை என்று கூப்பிடுவார்கள். செக்யூரிட்டி படித்தவள் என்றால் கொஞ்சம் பயப்படுவார்கள். என் ஆசை அதுதான், மறைப்பானேன். நாலு பாடம் படிப்பதற்குள் எங்கே பார்த்தாலும் திருடர்கள் தெரிய ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் பார்த்து பேக்கிங் பிரிவில் பார்கோடு ஸ்கேனர்கள் படுத்துக்கொண்டன. ஸ்கேன் ஆகாமல் ஒரு பெட்டிகூட லாரியில் ஏறாது. அவற்றுக்குச் சிக்னல் கொடுக்கும் வைஃபை பெட்டி கூரையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அது நன்றாகவே ஓடுவதாகக் காட்டியது. பெட்டி ஓடுகிறது, சிக்னல் வரவில்லை. வேறென்ன, தாக்குதல்தான்! "நம்மள யாரோ வெளிய இருந்து அட்டாக் பண்றாங்க சார்" என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மாற்றிய வேகத்தில் ஆபீஸ் பிரிண்டர் நின்றது, வருகைப்பதிவு மெஷின் நின்றது. ஒவ்வொரு ஸ்கேனரிலும் புதுப் பாஸ்வேர்டைப் போட்டேன். அவை மட்டும் திருந்தவில்லை.

மறுநாள் மதியம் வேறு வழியில்லாமல் ஏணி போட்டு ஏறினேன். பெட்டி இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு வெள்ளிப் பொட்டலம். குழந்தைகள் ஜாக்கெட் ஆர்டரில் மிஞ்சிய, முழுக்க ஃபாயில் ஒட்டிய துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. ஓரத்தில் எலாஸ்டிக் வேறு. அந்த ஃபாயிலைத் தாண்டிச் சிக்னல் எப்படி வரும்?

எங்கள் ஊரில் எதற்கும் உறை தைத்துவிடுவோம். துணி மிஞ்சும், மெஷின் இருக்கும், கை சும்மா இருக்காது. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கே கால்சட்டை போட்டுவிட்டவர்கள் நாங்கள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பேக்கிங் சூப்பர்வைசர் அக்காவிடம், "இது நீங்க தெச்சதுங்களா?" என்றேன்.

"ஆமாங்கண்ணு. பஞ்சு அடைஞ்சு கெட்டுப்போயிருமேன்னு முந்தாநேத்து மாட்டுனேன். நல்லா இருக்குதுங்களா?"

நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய மறுநிமிடம் கீழே ஸ்கேனர்கள் கீச் கீச்சென்று வேலை செய்யத் தொடங்கின.

இனி முதலாளியிடம் போக வேண்டும். தாக்குதலை முறியடித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பதவி எனக்கு. உண்மையைச் சொன்னால் கோயமுத்தூர்க்காரருக்கு. அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பொய் சொன்னால் உறைதான் காரணம் என்று அக்காவிடம் சொல்ல முடியாது, அவர் மறுபடியும் அதை மாட்டிவிடுவாரே என்ற பயம் இருந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. முகம்தான் விழுந்துவிட்டது. "அப்ப நம்மள ஆருமே அட்டாக் பண்ணலீங்களா?"

"இல்லீங்க சார்."

"நேத்துத்தான் காதர்பேட்டைல நாலு கடைக்காரங்ககிட்டச் சொன்னேன், அமெரிக்காவுல இருந்து நம்ம கம்பெனிய அடிக்கறாங்கன்னு. அவங்களுக்கெல்லாம் அத்தனை பொறாமை."

எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "நான் வயர்லெஸ்ஸே எழுதிக்கறேனுங்க" என்றேன், பதவி போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டு.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்க. மூணு யூனிட்டயும் நீங்களே பாத்துக்கங்க. கோயமுத்தூர்க்காரர் ஏணி ஏறுவாரான்னு தெரியல." அப்புறம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆனா வெளிய ஆராச்சும் கேட்டா, செக்யூரிட்டின்னே சொல்லிப்போடுங்க அம்மணி."