மரத்துப்போனது எங்கேன்னு சொல்லுங்க

எங்கள் தொழிலில், ஆண்கள் வந்த காரணத்தைச் சொல்வது மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவுவரை போன பிறகுதான். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக்கில் காய்ச்சல், முதுகுவலி பார்க்கிறவன் நான். "அந்த எடத்துல உணர்ச்சி கொறஞ்சிடுச்சு" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர்கள் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். நாற்காலி நுனியில் உட்காருவார்கள். போனை எடுப்பார்கள், வைப்பார்கள். ஃபேனைக் கூட்டச் சொல்வார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் இப்போது கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்திருப்பீர்கள். பரவாயில்லை. ஐம்பதைத் தாண்டியதும் எனக்கும் குறைந்தது. டாக்டரான நானே இன்னொரு டாக்டரிடம் போய் முதலில் முட்டிவலியைத்தான் சொன்னேன். கீழே வருகிறவர்களின் பேர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இருமலுக்கு வந்தவர்

முருகேசனுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை. இருமல் என்று வந்தார். மறுபடியும் இருமல் என்று வந்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. நான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "இருமல் இல்ல. வேற என்ன?" என்றேன். எழுந்தார், உட்கார்ந்தார், வெளியே சிஸ்டர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். "ஆசையெல்லாம் இருக்குது சார். ஆனா தொட்டா, வேற யாரு ஒடம்பையோ தொடற மாதிரி இருக்குது."

"செருப்பைக் கழட்டுங்க" என்றேன். "பிரச்சினை அங்க இல்ல சார்" என்று பதறினார். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு நைலான் இழையால் தொட்டேன். அவருக்குத் தெரியவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் ஒரு தீப்புண், உடைந்து சீழ் வைத்திருந்தது. தேய்ந்த செருப்போடு சூடான ஓட்டுத் துண்டை மிதித்திருக்கிறார்; அதுவும் தெரியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்த்தோம், எக்கச்சக்கம். சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் ஓடினால் நரம்புகளைக் கெடுக்கும், காலும் மரக்கும், அங்கேயும் மரக்கும் என்று விளக்கினேன்.

புண் ஆற நாளாச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். உணர்ச்சி ஓரளவு திரும்பலாம், முழுசாக வரும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எழுந்து கதவுவரை போனவர் திரும்பிக் கேட்டார்: "வூட்ல கேட்டா காலுக்குத்தான் வந்தேன்னு சொல்லிக்கலாமா சார்?"

சைக்கிள்

பாஸ்கர் பேங்கில் வேலை பார்க்கிறவர். தொப்பையைக் குறைக்கப் புது சைக்கிள் வாங்கி, காலையில் பெண்ணாடம் ரோட்டில் வெகுதூரம் மிதிப்பார். தொப்பை குறைந்தது, கூடவே இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் குறைந்தது. கத்தி மாதிரி ஒடுங்கின சீட்டு, அதுவும் சீட்டின் முன்மூக்கைத் தூக்கி வைத்திருந்தார். உட்காரும் இடத்தில் ஓடுகிற நரம்பு நசுங்கி மரத்துவிட்டது. கொஞ்ச நாள் நடங்கள், அகலமான சீட்டாக மாற்றுங்கள், ஏறினால் நடுநடுவே எழுந்து நின்று மிதியுங்கள் என்றேன். வந்த பயத்தில் அவர் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே கேட்டார். சரியாகிவிட்டது. கூட வந்திருந்த அவருடைய மனைவி போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தொப்பை இருந்துட்டுப் போவுதுன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன் சார்."

துபாய் ஸ்பிரே

அன்வர் துபாயில் கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணம் முடிந்து சில வாரத்திலேயே போனவர், இப்போது லீவில் வந்திருந்தார். என் ரூமுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். லீவு கரைகிறது, தொட்டால் ஒண்ணுமே தெரியவில்லை, வீட்டிலும் எந்தச் சந்தோஷமும் இல்லை என்றார். மனைவி அழுதிருக்கிறார். "அங்க உங்களுக்கு வேற யாராவது இருக்காங்களான்னு கேக்குது சார். அல்லா மேல ஆணையா இல்ல."

ஏதாவது மருந்து உபயோகிக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். பேண்ட் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரேயை எடுத்து மேசைமேல் வைத்தார். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று ரூம்மேட் கொடுத்தனுப்பியதாம். ரூம்மேட் சொன்ன அளவைத் தாண்டி இவர் நன்றாகவே அடித்திருக்கிறார். பல் பிடுங்கும்போது போடுகிற மாதிரி மரத்துப்போகிற மருந்து அதில் இருக்கிறது. துடைக்காமல் விட்டால் உங்கள் மனைவிக்கும் மரக்கும் என்றேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபிளைட் ஏறுவதற்கு முன் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "நாக்க மரக்க வெச்சிக்கிட்டு, பிரியாணில ருசி இல்லன்னு சண்டை போட்டிருக்கேன் சார்."

நல்லூர் வாத்தியார்

இந்தத் தடவை வந்தது மனைவி. கலைச்செல்வி, கணவர் நல்லூர்ப் பக்கம் ஸ்கூல் வாத்தியார். மனச்சோர்வுக்குப் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் மாத்திரை எடுத்து, நன்றாகத் தேறி வந்தவர், திடீரென்று தூங்குவதில்லை, எரிந்து விழுகிறார் என்றார். "சாயங்காலமானா கெணத்துப் பக்கமா போயி நிக்கிறாரு சார். கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாரு." அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. காத்திருந்தவர்களை சிஸ்டரிடம் விட்டுவிட்டு, கலைச்செல்வியோடேயே காரில் கிளம்பினேன்.

வாத்தியார் வாசலிலேயே இருந்தார். வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார். "அந்த மாத்திரை மனசுல இருந்த பாரத்த எடுத்துச்சு. கூடவே அதையும் எடுத்துடுச்சு சார். மரக்கட்டை மாதிரி இருக்குது. புதுச்சேரில பாக்கறவங்க பொம்பள டாக்டர், எப்படிச் சொல்றது?" சில மாத்திரைகள் அப்படிச் செய்யும், ஆனால் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்றேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற கலைச்செல்வி உள்ளே வந்து, "எனக்கு நீங்க இருந்தா போதும்" என்றார். அவர் நிமிராமல், "உனக்குப் போதும். எனக்குப் போதலயே" என்றார்.

அங்கிருந்தே அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஆச்சரியப்படவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. இதை நிறையப் பேர் சொல்கிறார்கள், உடனே அழைத்து வாருங்கள் என்றார். அன்றைக்கே போனார்கள். சில நாள் அங்கேயே வைத்துப் பார்த்து, மாத்திரையை மாற்றினார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குப் போன் மணி அடித்தாலே திக்கென்றது. மழைக்காலம் முடிந்து, மனைவியின் காய்ச்சலுக்காக இருவரும் வந்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முழுசா வரல சார். ஆனா அதப் பத்தி இப்ப வூட்ல பேசிக்கிறோம், அதுவே புதுசா இருக்குது."

இத்தனை வருஷத்தில் நான் ஆண்களுக்குக் கொடுத்த மருந்திலேயே நன்றாக வேலை செய்தது, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை என் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என்றாலும், அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது.