பிரிக்காமல் வைக்கக் கூடாத பத்திரிகை

கணினிக்குக் காவல் இருப்பவன், திருடனைக் காட்டிலும் வீட்டுக்காரரின் நல்ல மனத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டியவன். திருத்தணி மலையடிவாரத்தில் சிறு கடை வைத்து, புத்தகங்களின் துணையால் நானே கற்றுத் தேர்ந்த இத்தொழிலில், மின்னஞ்சல் வழியே வரும் வைரஸ்களோடு மல்லுக்கட்டி வருகிறேன். என்னைப் போலவே அவதியுறும் அன்பர்களுக்குப் பின்வருபவை ஆறுதல் தரக்கூடும்.

படிக்க உட்கார்ந்த திருடன்

ஸ்கிரிப்ட் வைரஸ் என்பது சில வரிகள் எழுதப்பட்ட ஒரு கோப்பு, அவ்வளவே. பில், கொட்டேஷன் என்று நல்ல பெயர் சூட்டிக்கொண்டு அஞ்சலோடு வரும். பெயரின் கடைசியில் ஒரு புள்ளிக்குப் பின் ஒட்டியிருக்கும் வால்தான் அது யாரென்று காட்டிக்கொடுக்கும்; அந்த வாலைக் கணினியே நம் கண்ணுக்கு மறைத்துவிடும். இருமுறை தட்டினால் போதும், உறங்கிக் கிடந்த வரிகள் எழுந்து ஏவிய வேலையைத் தொடங்கிவிடும். நான் கைக்கொண்ட உபாயம் எளியது. முதலில் வாலை வெளியே தெரியச் செய்வேன்; பிறகு, அவ்வகைக் கோப்பை யார் தட்டினாலும் அது நோட்பேடில் வெறும் எழுத்தாக விரியும்படி மாற்றிவைப்பேன்.

பக்கத்துக் கடையில் ஸ்கூட்டர் உதிரிபாகம் விற்கும் பாஷா பாய்க்கு இதைச் செய்துகொடுத்த மறுவாரமே ஒரு பொய்ப் பில் வந்தது. அவரும் தட்டிவிட்டார். பொருளற்ற எழுத்துகள் எறும்புச் சாரையாகத் திரையில் ஓடி நின்றன; வேறொன்றும் நிகழவில்லை. மலையை மேகம் மூடியிருந்த காலை அது. படிகள் பாதியோடு மறைந்துபோக, மணியோசை மட்டும் வெண்மையினூடே இறங்கி வந்துகொண்டிருந்தது. பிறகு பாஷா பாய் சொன்னார்: "இன்னா சார், பூட்ட ஒடைக்க வந்தவன் கையில பேப்பர குடுத்து படிக்க உக்கார வெச்சிட்டீங்க?"

நிறுத்தக் கூடாத தறி

அம்மையார்குப்பத்தில் கோமளா என்னும் பெண்மணி சேலைகளுக்குக் கரையும் முந்தியும் கணினியில் வரைபவர். திருமணமாகி வந்த நாள்தொட்டு அவர் வரைந்தவை யாவும் வீட்டுக் கணினி ஒன்றில் இருந்தன. அங்கிருந்து கம்பி வழியே தறிக்கொட்டகையின் பழைய கணினிக்குச் சென்று, தறிகளில் பூவாகவும் மாங்காயாகவும் இறங்கும். அந்தக் கோப்புகள் போய்விட்டால் குடும்பத்தின் எட்டுத் தறிகளுக்கும் வேலை இல்லை.

வீட்டுக் கணினியை முறைப்படி காபந்து செய்தேன். வெள்ளிதோறும் டிசைன்களைப் படி எடுத்துக் கழற்றி வைக்குமாறு ஒரு டிஸ்க்கையும் கொடுத்தேன்; அதை அவர் பூஜை மாடத்தில் முருகன் படத்தின் முன் வைத்தார். கொட்டகையில் நுழைந்தபோது எட்டுத் தறிகளும் ஓட்டு வீட்டின் மேல் பெய்யும் மழைபோல் ஒலித்தன. தறிகளைக் கவனித்துவந்தவர் கோமளாவுடைய கணவரின் அண்ணன் முனிரத்தினம். அங்கிருந்த கணினியைக் காபந்து செய்யத் தறியை நடுவில் நிறுத்தினால் சேலையில் கோடு விழும் என்று அவர் கைகூப்பினார். தறியில் ஏற்றிய பாவு நூல் தீர்ந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்தது, நான் போகவில்லை.

அன்று விடைபெறும்போது, அறியாதவர் அனுப்பும் அஞ்சலைத் திறக்க வேண்டாம் என்று அறிவுரை கூறினேன். கோமளா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "எனக்கு ஆர்டர் குடுக்கறவங்க எல்லாருமே மொதல்ல தெரியாதவங்கதான சார்?"

பத்திரிகை

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் தொலைபேசியில் அழைத்தார். அழுகையைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. போய் இறங்கியபோது எட்டுத் தறிகளும் நின்றிருந்தன. மழை ஓய்ந்த தோப்பில் நிற்பதுபோல் இருந்தது. பாதி நெய்த சேலைகளின்மேல் வெயில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கொட்டகைக் கணினியில் பணம் கேட்டு ஒரு கடிதம். அங்கே புகுந்த வைரஸ், கம்பி வழியே வீட்டுக் கணினிக்கும் சென்று, டிசைன்கள் அத்தனையையும் பூட்டிவிட்டிருந்தது. சென்னைக் கடை ஒன்றின் முகூர்த்தச் சேலைகளைத் திங்களன்று தறியில் ஏற்ற வேண்டும்.

முனிரத்தினம் ஊடை நூல் சுற்றிய கட்டை ஒன்றைக் கையில் உருட்டியபடி நின்றார். கலியாணப் பத்திரிகை என்று பெயரிட்டு வந்த கோப்பைத் தட்டியவர் அவரே. அனுப்பியவர் யாரென்று தெரியாமலா திறந்தீர்கள் என்றேன். "பத்திரிகைன்னு போட்டிருந்துச்சி சார். பிரிக்காம வெச்சா, நாளைக்கு வாசல்ல நின்னு நம்மள மதிக்கலன்னு கேக்க மாட்டாங்களா?"

மாடம்

டிஸ்க் எங்கே என்றேன். கோமளா தலைகுனிந்தார். பங்காளி வீட்டில் குழந்தை பிறந்து அன்று ஒன்பதாம் நாள். தீட்டுக் கழியும்வரை மாடத்தைத் தொடலாகாது என்பதால் சென்ற வெள்ளியும் படி எடுக்கவில்லை, அன்றும் எடுக்கவில்லை. "உங்களுக்குத் தீட்டு இல்ல, நீங்களே எடுங்க சார்" என்றார். கால் கழுவிக்கொண்டு போய், வாடிய சாமந்திக்கு நடுவிலிருந்து அதை எடுத்தேன். குளிர்ந்திருந்தது. முனிரத்தினம் கை நீட்டினார்: "குடுங்க சார், சொருகி ஓட்டிடலாம்." நோயுள்ள கணினியில் சொருகினால் இதுவும் போகும் என்று சொல்லிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரு கணினிகளையும் அழித்து, சுத்தமாக்கி, கொட்டகைக் கணினிக்கும் என் உபாயத்தைச் செய்து முடிக்க மாலையாயிற்று. பிறகுதான் டிஸ்க்கைச் சொருகினேன். மாங்காய்கள், அன்னங்கள், கொடிகள் ஒவ்வொன்றாய் இருளிலிருந்து மிதந்து வந்து திரையில் நின்றன. படி எடுக்காத நாள்களில் வரைந்த மயில்கரை ஒன்று மட்டும் வரவில்லை. சொன்னபடி பாவு தீர்ந்ததும் கொட்டகைக்கு வராமல் போன குற்றம் என்னுடையது என்றேன். கோமளா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "ஒம்போது நாளா சாமிக்கு ஒரு பூ மாத்தலியேன்னு அழுதுகினு இருந்தேன் சார். அவரு பாட்டுக்கு டிஸ்க்க மடியில வெச்சிகினு உக்காந்திருக்காரு."

நானே கற்றுத் தேர்ந்த அத்தனை உபாயங்களையும் மீறிப் புகுந்த வைரஸ், அந்த வீட்டில் நுழைய முடியாமல் நின்ற ஒரே இடம், ஒன்பது நாள் எவரும் கை வைக்காதிருந்த அந்த மாடம்தான் என்பதை என் தொழிலின் பெருமையாகச் சொல்வதா சிறுமையாகச் சொல்வதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.