பொங்கல்படியோடு போன மூங்கில்கள்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று தென்காசிக்கு வந்த நாளிலிருந்து, யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் ஆபத்துக்கு உதவுகிற சாமானைத்தான் பரிசாகக் கொடுப்பார். புது வீடு குடிபோனவர்களுக்கு ஒரு வாளி மணல் கொடுத்தார், தீப்பிடித்தால் அள்ளிப்போட. என் தம்பி மகனுக்குக் காது குத்தினபோது எல்லாரும் மோதிரம் போட, இவர் பிள்ளையின் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார். கூட்டத்தில் தொலைந்தால் ஊதவேண்டுமாம். அவன் தொலையவில்லை, ஆனால் சாயங்காலம் வரைக்கும் ஊதினான். தம்பி பெண்டாட்டி அதற்கப்புறம் வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவரிடம் சண்டை போட்டால், வெள்ளிக் கிண்ணம் ஆற்றோடு போகிறவனைக் காப்பாற்றுமா என்று கேட்பார். அந்த வெள்ளிக் கிண்ணத்தால் அவர் மண்டையில் ஒன்று போடலாம் என்று எனக்குத் தோன்றும்.

இந்த லட்சணத்தில் எங்கள் ஒரே மகளைக் குற்றாலத்தில் கட்டிக்கொடுத்தோம். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கல்படி கொண்டுபோவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லவேண்டியதில்லை. பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, வாழைத்தார், காய்கறி, பனங்கிழங்கு என்று வண்டி நிறையப் போகவேண்டும். அதிலும் தலைப்பொங்கல் படி என்றால் ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்.

மார்கழி பாதியில் மகள் போன் செய்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அவளுடைய ஓரகத்திக்கு, அதாவது மாப்பிள்ளையின் அண்ணன் பெண்டாட்டிக்கு, வடகரையிலிருந்து வந்த படியைப் பற்றி அந்தத் தெருவில் இன்னும் பேச்சாம். மாமியார் திட்டவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார், என்ன நினைக்கிறார் என்று ஒன்றும் விளங்காதாம். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் இன்னும் விருந்தாளி மாதிரியே நிற்கிறேன் என்றாள்.

"யம்மா, படியை நடுவீட்டுல பரப்பி வச்சு தெருவையே கூப்பிட்டுக் காட்டுவாவ. இது நல்லபடியாப் போனாத்தான் நான் இங்கன மூச்சு விடமுடியும். அப்பாவை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ."

அவளுடைய அப்பாவோ ஏற்கெனவே ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தார். மகள் வீடு ஐந்தருவி ரோட்டில் இருக்கிறது, மழை பிடித்தால் கரண்டு போகும், மரம் விழும், பாதை அடைபடும், பித்தளைப் பானையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பது அவர் வாதம். டார்ச், பவர் பேங்க், தார்ப்பாய், கயிறு எல்லாம் பெட்டிக்குள் போயின. தீக்குச்சிகளை உருகிய மெழுகில் முக்கி முக்கி எடுத்து, நனைந்தாலும் பற்றும் என்று தினமும் எனக்குக் காட்டினார். பழைய வேட்டியைத் துவைத்து, கொதிக்கவைத்து, காயத்துக்குக் கட்டத் துணி கிழித்து வைத்தார்.

நானும் சும்மா இருந்தேனா? கெட்டுப்போகாத பண்டம் வேண்டும் என்றதும் புளிக்காய்ச்சல் கிண்டினேன், இட்லிப்பொடி இடித்தேன், பொருவிளங்காய் உருண்டை பிடித்தேன். அவர் ஓர் உருண்டையைத் தரையில் போட்டுப் பார்த்தார். உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, தரையில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. அவருக்குப் பரம திருப்தி.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். படி நான் சொல்கிறபடி போகும். பெட்டி வண்டியிலேயே இருக்கும். கிளம்பும்போது மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம். பட்டாளத்துக்காரன் வாக்கு மாறமாட்டான் என்று மார்பில் தட்டிச் சொன்னார்.

படி கொண்டுபோன அன்று காலையில் வண்டியின் மேல் கட்டியிருந்த கரும்புக்கு நடுவில் இரண்டு மூங்கில் தெரிந்தது. எதற்கு என்று கேட்டேன். கரும்பு ஒடியாமல் இருக்க என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

குற்றாலத்தில் வண்டி நின்றதும் முதலில் வரவேற்றது குரங்குகள்தான். வாழைத்தாரை ஒன்று பிடித்து இழுத்தது. இவர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், குரங்கு மட்டுமா ஓடியது, ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களும் உள்ளே ஓடிவிட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவர எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனாலும் படி அமோகமாக இருந்தது. நடுவீட்டில் குத்துவிளக்குக்கு முன்னால் தாம்பாளங்களைப் பரப்பினோம். தெருப்பெண்கள் பானையைத் தட்டிப் பார்த்தார்கள், மஞ்சள் குலையை மோந்து பார்த்தார்கள், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சம்பந்தியம்மா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அப்போது பார்த்து, இலத்தூரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாவின் தங்கை வாசலுக்குப் போனவள், வண்டியில் ஒரு பெட்டி இருக்கிறதே என்று கேட்டாள். அது ஒன்றுமில்லை என்றேன். பெண் வீட்டுச் சாமான் வண்டியில் தங்கக்கூடாது என்று ஆளைவிட்டு இறக்கச் சொல்லிவிட்டாள். பெட்டியில் நகை இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

திறந்தார்கள். பொருவிளங்காயை எடுத்து ஆசையாகக் கடித்த இலத்தூர்க்காரி, அதற்கப்புறம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அடுத்து கயிறு வந்தது. அடுத்து வெள்ளைத் துணி. மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் பக்கத்தில் அதையெல்லாம் வைத்ததும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதோடு விட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். என் வீட்டுக்காரருக்கோ இத்தனை பேர் ஆர்வமாகப் பார்க்கிறார்கள் என்று குஷி பிறந்துவிட்டது. வாக்காவது ஒன்றாவது. வெளியே ஓடி அந்த இரண்டு மூங்கிலையும் உருவிக்கொண்டு வந்தார்.

காலில் அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே மூங்கிலைத் தரையில் கிடத்தி, கயிற்றைக் குறுக்கே குறுக்கே பின்னி, முடிச்சுப் போட்டார். அதன்மேல் வெள்ளைத் துணியை விரித்தார். நான் இடுப்பில் கிள்ளினேன், காலை மிதித்தேன், அந்த மனிதர் திரும்பிப் பார்த்தால்தானே!

"மாப்ளே, சும்மா படுங்க. மயக்கமா கிடக்குத மாதிரி கண்ணை மூடிக்கிடுங்க."

மாமனார் பேச்சைத் தட்டாத பிள்ளை. படுத்தார். கண்ணை மூடினார். யாரும் சொல்லாமலேயே கையை வேறு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவ்வளவுதான். தூக்குததுக்கு நாலு பேர் இருந்தாப் போதும்," என்றார் என் வீட்டுக்காரர்.

இலத்தூர்க்காரி கன்னத்திலிருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் மகள் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. அவளை நான் கையோடு கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். கட்டின புருஷனாவது ஒன்றாவது, இவரை அந்த மூங்கிலிலேயே கட்டி அருவிக்கு அனுப்பலாம் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சம்பந்தியம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்துவந்து மகன் பக்கத்தில் நின்றார்.

"ஏலே, எந்தி."

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். சம்பந்தியம்மா குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"போன வருசம் கார்த்திகை மழையில வழுக்கி விழுந்தேன். ரோட்டுல தண்ணி, ஆட்டோ வரல. பிளாஸ்டிக் சேர்ல உக்காத்தி வச்சுத் தூக்குனாவ. நடுத்தண்ணியில சேரு உடைஞ்சு, தெருவே பாத்துச் சிரிச்சுது. இது தாங்குமா அண்ணாச்சி?"

"யானையே ஏறலாம் சம்பந்தியம்மா," என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் சொல்லவேண்டிய வார்த்தையா அது? நல்லவேளை, சம்பந்தியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு மெள்ளக் குனிந்து, நடுவில் சம்மணம் போட்டு, கோயில் சப்பரத்தில் அம்மன் இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இலத்தூர்க்காரி பதறிப்போய் அக்கா, அக்கா என்றாள்.

"என்னத்துக்குப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய? புதுப்பொண்ணு வீட்டுல இருந்து எனக்குப் பல்லக்கு வந்திருக்கு. குலவை போடுங்க."

தெருப்பெண்கள் அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தியம்மா சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அங்கன என்ன செய்யுத? இங்கன வா. நீயும் ஏறு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேனா என்று எனக்கே ஞாபகமில்லை. அவள் வந்து மாமியாருக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரும் மகளின் மாமனாரும் முன்னால், மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் பின்னால், நான்கு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள். மூங்கில் கிறீச்சென்றது. மகள் சட்டென்று மாமியாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நல்லாப் பிடிச்சுக்கோ. உங்க அப்பாவை நம்பமுடியாது," என்றார் சம்பந்தியம்மா, திரும்பிப் பார்க்காமலேயே.

மகள் அவர் முதுகில் முகத்தை வைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். மூங்கில் ஆடின ஆட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து குலுங்கிக்கொண்டே நடுவீட்டைச் சுற்றி வந்தார்கள். அப்போதுதான் தெருப்பெண்களுக்கு உயிர் வந்து குலவை எழும்பியது. நானும் போடலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.