மூன்று மணி நேரக் குழாயும் ஆறு மணி நேரக் குழாயும்

போன மாதம் ஒருநாள் காலை, திண்டிவனத்தில் என் லாரி ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் வேலியைக் கழிக்கச் சொல்லியிருந்தேன். வேலி முழுக்கக் கோவைக்கொடி. ஆள் அரிவாளை வைத்ததும் பச்சையாக ஒரு வாடை கிளம்பிற்று பாருங்கள், உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அந்த வாடைக்கும் எனக்கும் ஐம்பது வருஷத்துப் பகை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை வெளுத்துப்போனால் கோவையிலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவோம். அது காய்வதற்கு முன்பே கணக்கு வாத்தியார் அருளப்பன் சார் சாக்பீஸை எடுத்துவிடுவார். ஈரப் பலகையில் எழுத்து சரியாகப் பிடிக்காது. ஆனாலும் அவருக்குப் பொறுக்காது. அதனால் கணக்கு என்றாலே எனக்கு மூக்கில் கோவையிலைதான்.

நான் படித்தது எட்டாவது வரைக்கும். அதுவும் முழுசாக இல்லை, அரையாண்டுத் தேர்வோடு சரி. அதற்காக என்னை லேசாக எடைபோட்டுவிடாதீர்கள். மரக்காணம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அங்கே கல்யாணம் என்றால் என் தண்ணீர் லாரி போக வேண்டும். கோட்டக்குப்பத்தில் புது வீட்டுக்குத் தளம் போட்டால் என் லாரி போக வேண்டும். வானூர் சாலையில் கட்டடம் எழும்புகிறதே, அந்த சிமென்டெல்லாம் எந்தத் தண்ணீரில் குழைந்தது என்று நினைக்கிறீர்கள்? லாரி கழுவ வந்தவன், இன்று பதினொரு லாரிக்கு முதலாளி. நான் படித்த பள்ளிக்கூடத்துக்கே சிமென்ட் தொட்டி கட்டிக் கொடுத்து என் பேரைப் போட்டிருக்கிறேன். வருஷா வருஷம் ஆண்டு விழாவில் மேடையில் எனக்கு ஒரு நாற்காலி, கழுத்துக்கு ஒரு துண்டு, கையில் ஒரு மைக்.

அந்த மைக்கில் நான் சொல்வது எப்போதும் ஒரே கதைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலி கழித்த அன்றைக்குத்தான் நஸ்ரின் வந்தாள். கோட்டக்குப்பத்துப் பெண், விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எப்படி மார்க் போடுகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கணக்கில் ஃபெயிலானவர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் விசாரித்தபோது என் பேரைத்தான் முதலில் சொன்னார்களாம். இதிலும் நான்தான் முதலிடம்.

என் வீட்டுக்காரி செல்வி வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பேட்டியைப் பதிவு செய்யப் போனை எடுத்து வைத்த நஸ்ரினை நான் கேட்டேன்:

"கணக்குல புதுசா கண்டுபுடிக்க இன்னாம்மா இருக்குது? ரெண்டும் ரெண்டும் நாலுன்னு எப்பவோ முடிஞ்சுபோன சமாச்சாரம்தானே?"

அவள் சிரித்தாள். "முடியவே இல்லைங்க ஐயா. ஒரு இரட்டைப்படை எண் சொல்லுங்க, ரெண்டைவிடப் பெருசா."

"எட்டு."

"அஞ்சும் மூணும். ரெண்டுமே வேற எதாலயும் வகுபடாத எண்ணு. இன்னொண்ணு சொல்லுங்க."

"இருபது."

"பதிமூணும் ஏழும். இதுங்களையும் வேற எதாலயும் வகுக்க முடியாது. இதுவரைக்கும் எந்த இரட்டைப்படையப் பாத்தாலும் இப்படி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. கம்ப்யூட்டர்ல கோடி கோடியாப் போட்டுப் பாத்துட்டாங்க, ஒண்ணுகூடத் தப்பல. ஆனா எல்லாத்துக்கும் வருமான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தராலயும் நிரூபிக்க முடியல."

எனக்கு ஒரே ஆச்சரியம். லாரி டிரிப் ஷீட்டைத் திருப்பிப் போட்டு நானே எழுதிப் பார்த்தேன். நூறு: தொண்ணூற்றேழும் மூன்றும். வருகிறது! "அதான் கரெக்டா வருதே, அப்புறம் இன்னா நிரூபிக்கிறது?" என்றேன்.

"கரெக்டா வர்றது வேறங்க. ஏன் வருதுன்னு தெரியறது வேற."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே பேச்சை அருளப்பன் சார் வாயால் கேட்டிருக்கிறேன். "அப்படின்னா என் கதைய எழுதிக்கம்மா" என்று மேடைக் கதையை எடுத்தேன். செல்வி, "ஆரம்பிச்சிட்டாரு. நீ போனை ஆஃப் பண்ணிடும்மா, சார்ஜு தீந்துடும்" என்று உள்ளே போனாள்.

கதை இதுதான். எட்டாம் வகுப்பு அரையாண்டில் ஒரு கணக்கு. ஒரு தொட்டியை ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் திறந்துவிட்டால் எத்தனை மணி நேரம்? ஐந்து மார்க். நான் வேறு ஒன்றும் எழுதாமல் 'இரண்டு மணி நேரம்' என்று மட்டும் எழுதினேன். விடை சரி. அருளப்பன் சார் பக்கத்திலேயே சிவப்பு மையில் பூஜ்யம் போட்டார். மொத்தம் முப்பத்தொன்று. அந்த ஐந்தும் கிடைத்திருந்தால் முப்பத்தாறு, பாஸ். கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. சரியான விடைக்குப் பூஜ்யம் போட்ட பள்ளிக்கூடத்துக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தவன் நான். இந்த இடத்தில் பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

நஸ்ரின் கை தட்டவில்லை. "அந்த ரெண்டு எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள்.

ஐம்பது வருஷமாக இந்தக் கதையைக் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

"இதுல இன்னாம்மா? பெருச சின்னதால வகுத்தேன். ஆற மூணால வகுத்தா ரெண்டு."

அவள் நோட்டில் ஏதோ எழுதினாள். புருவத்தைத் தூக்கினாள். "நாலு மணி நேரக் குழாய், பன்னெண்டு மணி நேரக் குழாய்னு வச்சிக்கலாம். உங்க கணக்குப்படி மூணு. நெஜமாவும் மூணுதாங்க வருது! ஐயா, இது நல்லா இருக்கே!"

"பாத்தியா!" என்று தொடையைத் தட்டினேன். "யாருன்னு நெனச்ச?"

"ரெண்டு குழாயும் ஒண்ணு மாதிரி இருந்தா? இதுவும் இருபது மணி நேரம், அதுவும் இருபது மணி நேரம்?"

"இருபத இருபதால வகுத்தா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன். ஒன்று. ஒரு மணி நேரம். இருபது மணி நேரம் மெல்ல ஒழுகும் குழாய், துணைக்கு இன்னொன்று வந்ததும் ஒரே மணியில் தொட்டியை நிரப்பிவிடுமாம். தண்ணீரிலேயே பிழைத்தவன் சொல்கிற பேச்சா இது?

உள்ளேயிருந்து செல்வி கேட்டாள்: "அந்த மோட்டார் எங்க விக்கிறாங்கன்னு கேளுங்க. நம்ம வீட்டுக்கு ரெண்டு வாங்கிப் போடலாம்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வேலிப் பக்கமிருந்து கோவையிலை வாடை மறுபடியும் வந்தது. கூடவே, கதையில் நான் விட்டுவிட்ட துண்டு ஒன்றும் வந்து நின்றது.

விடைத்தாள் கொடுத்த அன்று சார் சும்மா பூஜ்யம் போட்டு அனுப்பவில்லை. என்னை எழுப்பி நிறுத்தினார்.

"விடை சரிதான்டா. எப்படி வந்துச்சு?"

"வந்துச்சு சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ஈரப் பலகையில் எழுதினார். "ரெண்டு குழாயும் இருபது இருபது மணி நேரம். இப்ப சொல்லு. சொல்லிட்டன்னா இந்தப் பேப்பர்லயே அஞ்சு மார்க் போட்டுடறேன்."

எல்லார் முன்னாலும் என்னைக் கேலி பண்ணத்தான் குழந்தைக் கணக்குக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஒரே எண்ணை இரண்டு தடவை எழுதியிருக்கிறாரே! பலகையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பையை எடுத்தேன், நடந்தேன். "டேய், நின்னு சொல்லிட்டுப் போடா" என்று வாசல் வரை குரல் வந்தது. இத்தனை வருஷம் மேடையில் கதை சொன்னவனுக்கு இந்தக் குரல் மட்டும் எப்படி மறந்துபோயிற்று என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் முதல் லாரி வாங்கிய சமயம். ரிட்டயரான அருளப்பன் சார், மகள் கல்யாணத்துக்குத் தண்ணீர் சொல்ல என் போர் கிணற்றுக்கு வந்தார். இரண்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "தொட்டி எப்பப்பா ரொம்பும்?" என்றார்.

"ஒண்ணரை மணி நேரம் சார்."

"எப்படிச் சொல்ற?"

"பெரிய மோட்டாரு தனியா ஓடினா ரெண்டு மணி, சின்னது தனியான்னா ஆறு மணி. அப்ப மணிக்குப் பெருசு அரைத் தொட்டி தூக்கும், சின்னது ஆறுல ஒரு பங்கு. ரெண்டும் சேந்தா மணிக்கு மூணுல ரெண்டு பங்கு. ஒண்ணரை மணில ரொம்பிடும்."

சார், "இத அன்னிக்கே எழுதியிருக்கலாமேப்பா" என்றார். நான் அதை என்னவென்று எடுத்துக்கொண்டேன் தெரியுமா? வாத்தியாரே வந்து தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று! அதையும் சில வருஷம் மேடையில் கதைக்கு வால் போலச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நஸ்ரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனை அணைக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி அனுப்பினாள்: ஐந்தும் இருபதும், ஆறும் முப்பதும் என்று வைத்தாலும் என் தப்பு வழி சரியான விடை தருகிறதாம், எந்தெந்த எண்களுக்கு அப்படி வரும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டாளாம், அதையும், வழி கேட்காமல் விடைக்கு மட்டும் மார்க் போட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ச்சியில் ஒரு பக்கம் எழுதப்போகிறாளாம். திண்டிவனத்தில் சரியாகக் கணக்குப் போட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தப்பாகப் போட்டு ஆராய்ச்சியில் ஏறியவன் நான் ஒருவன்தான்.

போன வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. துண்டு போட்டார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். பழக்கத்தில், "மூணு மணி நேரக் குழாய், ஆறு மணி நேரக் குழாய்" என்று ஆரம்பித்துவிட்டேன். வருஷா வருஷம் கேட்கிற பிள்ளைகள் அல்லவா, "ரெண்டு மணி நேரம்!" என்று கத்தினார்கள். "சரி. இருபதும் இருபதும்னா?" என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "பத்து" என்றாள். "எப்படி?" என்று கேட்டேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் சொன்னாள், நிதானமாக, ஒரு மணிக்கு எவ்வளவு என்பதிலிருந்து. கை தட்ட எல்லாரும் மறந்துபோனார்கள். நான்தான் முதலில் தட்டினேன்.

இறங்கி வந்ததும் செல்வி காதோடு கேட்டாள்: "இருந்த ஒரு கதையும் போச்சு. அடுத்த வருஷம் இன்னா பேசுவீங்க?"

அதானே. எட்டாம் வகுப்பு நடந்த ஓட்டுக் கட்டடம் போய்விட்டது. அந்த இடத்தில்தான் என் தொட்டி நிற்கிறது. இப்போது வகுப்பில் வெள்ளைப் பலகை. கோவையிலை அரைக்க வேண்டியதில்லை. விடைத்தாளை அன்றைக்கே ஏரியில் கிழித்துப் போட்டேன். அந்தப் பூஜ்யத்தை மட்டும் ஐம்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன், இப்போது அதுவும் என்னிடம் இல்லை. அருளப்பன் சார் போய்ப் பல வருஷமாகிறது.

பத்து மணி நேரம் சார். ஒரு மணிக்கு இந்தக் குழாய் இருபதில் ஒரு பங்கு, அந்தக் குழாய் இருபதில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் பத்தில் ஒரு பங்கு. அதனால் பத்து மணி நேரம்.