தறிக்குழியில் தேடிய எலி

எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலாகத்தான் வரும், சொல்ல வந்ததும் பாதியில் மறந்துபோகும். படிக்கிறவங்க மனசு வச்சுப் பொறுத்துக்கணும்.

ஆரணியில் நெசவுக்காரங்க தெருவில் வாடகை வீடு. முன்னறையில் தறி, பின்னால் அடுப்பு. மகன் வெளியூரில் வேலை செய்கிறான். நானும் மருமகளும் மாறி மாறித் தறியில் உட்காருவோம். குழித்தறி. உட்கார்ந்தால் கால் ரெண்டும் குழிக்குள்ளே போய்விடும்.

சக்கரை வந்து பல வருஷம் ஆகிறது. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள், விழுங்குகிறேன். "கால்ல உணர்ச்சி கொறைஞ்சி போச்சு, வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டுக்கம்மா" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போட்டுக்கொண்டேன். ஆனால் தறிக்குழிக்குள் செருப்புக் காலை யார் வைப்பாங்க? சோறு போடுகிற இடம் ஆச்சே. ஓரத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பேன். மிதிகட்டையில் மரச்சிலாம்பு பெயர்ந்து பெருவிரலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. வலியே இல்லை. ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோது சீழ் வைத்திருந்தது.

அந்தக் காலை மருமகள் எதிரில் எப்படி நீட்டுவேன்? அசிங்கமாக இருந்தது. மஞ்சள் அப்பி, பழந்துணியைச் சுற்றி, புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டேன். நாற்றத்தை என்ன செய்ய?

"இன்னா அத்தே, குழியில எலி செத்துக் கெடக்குது போல" என்றாள் மருமகள். பக்கத்து வீட்டுத் தறிக்காரரை டார்ச்சோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எலியா இது? பெருச்சாளிம்மா. ஜரிகையைத் தின்னுட்டு செரிக்காம செத்துப்போயிருக்கும்" என்றவர், என்னைப் பார்த்து, "பெரிம்மா, கொஞ்சம் எழுந்திரு" என்றார்.

"பாதியில எழுந்தா இழை அந்துடும்பா."

"நாங்க மூக்கைப் புடிச்சிகினு நிக்கிறோம், நீ பாட்டுக்கு நெய்துகினு இருக்கியே! உனுக்கு மூக்கே இல்லியா?"

அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மருமகள் டார்ச்சை வாங்கி, குழி ஓரத்தில் குப்புறப் படுத்து உள்ளே அடித்தாள். வெளிச்சம் என் காலில் வந்து நின்றது. பிறகு நகரவே இல்லை.

"எலிதாண்ணா. நானே எடுத்துக்கறேன், நீங்க போங்க" என்று அவரை அனுப்பி வைத்தாள். கதவைச் சாத்தின பிறகுதான் அழுதாள். "இவ்ளோ நாளு வாயே தொறக்கலியே! ஜல்தியா கெளம்பு அத்தே."

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாதமே போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

இப்போது தினமும் மருமகள்தான் என் காலை மடியில் வைத்துக் கட்டு மாற்றுகிறாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம், "எனக்கு மொதல்லயே சந்தேகந்தான்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அப்படியென்றால் எலி என்றதெல்லாம் நானாக வாய் திறக்கட்டும் என்றுதானா? இல்லை, நான் சரியாகக் கேட்கவில்லையா? அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படித்தால், நான் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைக் கேளுங்க. நான் எழுதினதில் தப்பு இருந்தால் திருத்திவிடுங்க.