மற்றவர்கள் காத்திருக்கவும்

ராமநாதபுரத்தில் அலுவலகங்களுக்கு இன்டர்நெட் போன் வைத்துக் கொடுப்பது என் தொழில். மகள் படிக்கும் பள்ளிக்கும் நான்தான் வைத்தேன். அதில் பேசும் பதிவுக் குரலும் என்னுடையதே.

போன வாரம் உச்சிப்புளியில் ஒரு பள்ளி வேன் கவிழ்ந்ததாகக் கேள்விப்பட்டுப் பதறிப் பள்ளிக்கு அழைத்தேன். "சேர்க்கைக்கு ஒன்று, கட்டணத்துக்கு இரண்டு, மற்றவர்கள் காத்திருக்கவும்" என்றது என் குரல். ஒன்றையும் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன், பிசி. காத்திருந்தேன், யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் பறந்தேன்.

கவிழ்ந்தது வேறு பள்ளி வேன். மகள் வகுப்பில் இருந்தாள். வரவேற்பு மேசைப் பெண் பொரிந்து தள்ளினாள்: "வர்றவுக எல்லாம் என்னைய ஏசுறாக. எம் மேசையில மணியே அடிக்கலக்கா!"

காத்திருப்பவர்களின் அழைப்பை அவள் மேசைக்கு இணைக்க மறந்திருந்தேன். கட்டணம் கட்ட வழி வைத்தவளுக்கு, பிள்ளையைப் பற்றிக் கேட்க அழைப்பவர்களின் நினைப்பே வரவில்லை. வாசலில் இன்னொரு தாய், போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தாள்.