மெதேனை நெருக்கிய கணினி

கணினியில் மெதேன் கணக்கு ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பகலில் கலேவெலப் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிப்பேன். உக்குவளையில் எங்கள் வீட்டின் முன்னறையில், முதுமாணிப் பட்ட ஆய்வுக்காக இரவல் வாங்கிய கணினி எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும்.

மெதேன் சாதுவான சேர்வை. நடுவில் ஒரு காபன், சுற்றி நாலு ஐதரசன். வயல் சேற்றில் குமிழியாக வருவது அதுதான். அதையே நெப்டியூன் போன்ற கோளின் வயிற்றுக்குள் வைத்து, நம் தலைமேல் உள்ள காற்றின் அமுக்கத்தைவிடப் பல இலட்சம் மடங்கு அமுக்கமும் ஆயிரக்கணக்கான பாகை வெப்பமும் கொடுத்தால் அந்தச் சாதுத்தனம் போய்விடும். ஐதரசன்கள் கழன்று சோடி சோடியாக ஓடிவிடும். மிஞ்சிய காபன்கள் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகும். இன்னும் நெருக்கினால் வைரமாகும் என்கிறார்கள். அப்படி நெருக்கும் இயந்திரத்தை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. என்னிடம் இருந்தது அந்த நெருக்கலைக் கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கு மட்டும்தான்.

சொந்தக்காரர்களுக்கு அது போதவில்லை. நான் வீட்டுக்குள் வைரம் செய்வதாகக் கதை பரவி, ஒரு மாமி தன் மகளின் கல்யாண மோதிரத்துக்கு ஒரு கல் எடுத்துவைக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முடிவைக் குறித்த நாள் காலை அனுப்பாவிட்டால் ஆய்வுக்குக் கிடைத்த கடைசி அவகாசமும் போய்விடும். கணினியோ விடியற்காலையில் மட்டும்தான் செய்ததைச் சேமிக்கும். நடுவில் நின்றால் அன்று செய்ததெல்லாம் வீண்.

முடிவு அனுப்பவேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம் மாத்தளை பஸ்ஸில் வரும்போது மலைப்பக்கம் கறுத்தது. முதல் இடி கேட்டதும் எனக்குப் பயம் பிடித்தது. இடியை நினைத்து அல்ல, வாப்பாவை நினைத்து. இடி முழங்கினால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ப்ளக்கைக் கழற்றுவார்கள். வாப்பா வானம் இருட்டும்போதே கழற்றிவிடுவார். டிவி, ஃப்ரிட்ஜ், ஃபேன் எதுவும் தப்பாது. கைத்தொலைபேசியையும் அணைத்து அலுமாரிக்குள் வைப்பார். பழைய தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கிய மின்னலில் உம்மாவுக்கு ஒரு பக்கக் காது கேட்காமல் போனது. அன்றிலிருந்து அவர் அப்படித்தான். காலையில் புறப்படும்போது கணினியைத் தொட வேண்டாம் என்று அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்.

திரும்பத் திரும்ப அழைத்தேன். தொலைபேசி அணைந்திருந்தது. பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் மரக்கறி மூட்டைக்காக நின்றது. சாரதியை, மழையை, வாப்பாவை, எல்லாரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மாத்தளையில் இறங்கியதும் நனைந்துகொண்டே ஓடி அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

வீடு இருட்டாகக் கிடந்தது. ஃப்ரிட்ஜின் வயர் தரையில் தொங்கியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தத் தொடங்கினேன். என் படிப்பு இந்த வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டில்லை என்று ஏதேதோ சொன்னேன். பிறகுதான் அந்த இரைச்சல் காதில் விழுந்தது.

கணினி ஓடிக்கொண்டிருந்தது. வாப்பா அதன் பக்கத்தில் மரக்கதிரை போட்டு, இரப்பர் செருப்போடு குந்தியிருந்தார். ஒரு கை ப்ளக்குக்கு அருகில். உம்மாவை வயர் எதுவும் இல்லாத சமையலறைப் பக்கம் அனுப்பியிருந்தார்.

"நான் கழட்டத்தான் கைய வெச்ச. நீ தொட வாணாம்னு சென்னதானே, மகள்," என்றார். கண் ஜன்னல் பக்கமே இருந்தது.

திரையைப் பார்த்தேன். காபன்கள் நீளமாகக் கோர்த்துக் கிளைவிட்டிருந்தன. ஓர் ஓரத்தில் அவை நெருங்கிக் கட்டியாகத் தொடங்கியது போலத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே மின்னல் வெள்ளையாக வெட்டியது. சத்தம் கூரையிலேயே இறங்கியது. வாப்பாவின் உடம்பு தூக்கிப் போட்டது. கை மட்டும் ப்ளக்கைத் தொடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது ஓடும்வரை அவர் எழும்பமாட்டார் என்று குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். திரை கறுத்தது.

வாப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரமும் நான் இதுல குந்திட்டு இருந்த?"

கதிரையைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம் போனார். மழை விடும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள், முந்தைய விடியல்வரை சேமித்திருந்ததை வைத்து, சங்கிலிகள் உண்டு, வைரம் காணவில்லை என்று எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள், சாதாரணத் தேர்ச்சியோடு. அந்த ஓரத்தில் கட்டியானது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்ப ஓட்டிப் பார்க்க அந்தக் கணினியும் இப்போது என்னிடம் இல்லை.

மாமி கல்யாணத்துக்குச் சொல்ல வந்தபோது மோதிரக் கல்லைப் பற்றி மறுபடி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா முந்திக்கொண்டார்.

"கல்லு வார நேரம் பாத்து இடி இடிச்சிட்டு," என்றார்.